சின்ன சொகுசு எஸ்யூவி வாங்குகிறீர்களா? பின்சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

இரண்டாவது குழந்தை பிறந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும். இருக்கிற சின்ன கார் போதவில்லை. கையில் கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கிறது. வாங்குவதுதான் வாங்குகிறோம், பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ மாதிரி ஒன்றாக எடுத்துவிட்டால் என்ன?

எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த வண்டிகளைப் பற்றிக் கிடைக்கும் விவரமெல்லாம் ஸ்டீயரிங் பிடிப்பவருக்காகச் சொல்லப்பட்டவை. நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும், உள்விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்று சொல்வார்கள். இரண்டு குழந்தை சீட்டுக்கு நடுவில் பாட்டி உட்கார முடியுமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. செலவுக் கணக்கும் அப்படித்தான், ஷோரூமில் சொல்லும் தொகை ஒன்று, கடைசியில் காசோலையில் எழுதும் தொகை வேறு. நான் அலைந்து, கேட்டு, சண்டை போட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன். சென்னையில் புது வண்டி வாங்கும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது. வரி விவரங்கள் தமிழ்நாட்டுக்கானவை.

1. யார் எங்கே உட்காரப் போகிறார்கள்?

ஒரு தாளை எடுத்து, சாதாரண ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறுபவர்களின் பெயர்களை எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் மாமாவைச் சேர்க்க வேண்டாம். இப்போதைய வயதை எழுதி, பக்கத்திலேயே ஐந்து வருடம் கழித்து வரும் வயதையும் எழுதுங்கள். வண்டி அதுவரைக்குமாவது உங்களிடம் இருக்கும்.

பட்டியலில் நான்கு பேர், எப்போதாவது ஐந்தாவது ஆள் என்றால் மேலே படியுங்கள். தாத்தா பாட்டி இரண்டு பேரும் எப்போதும் கூட வருவார்கள், அல்லது மூன்றாவது குழந்தைக்கு வாய்ப்புண்டு என்றால் இந்த வகை வண்டியே உங்களுக்கு வேண்டாம். பாதி விலையை ஒட்டி ஒரு இன்னோவா ஹைகிராஸ் எடுத்தால் எல்லோரும் காலை நீட்டி உட்காரலாம். லோகோவுக்காகக் குடும்பத்தைப் பிழிந்து உட்கார வைப்பதில் என்ன சொகுசு இருக்கிறது?

2. ஷோரூமுக்குக் குழந்தை சீட்டோடு போங்கள்

இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டில் இருக்கும் குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போய், மாட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விற்பனையாளர் கொஞ்சம் விழிப்பார், பரவாயில்லை.

பின்சீட்டில் இரண்டு ஓரங்களிலும், உட்காரும் மெத்தையும் சாய்மானமும் சேரும் இடுக்கில், குழந்தை சீட்டைப் பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கும். சில வண்டிகளில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் கொக்கி கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் தோலுறைக்கு நடுவே விரலை விட்டுத் துழாவ வேண்டும். சீட்டை நீங்களே மாட்டுங்கள். "டக்" என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும், சீட்டில் இருக்கும் குறி பச்சைக்கு மாற வேண்டும். பிடித்து ஆட்டினாலும் அசையக் கூடாது.

அடுத்தது, பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட். ஐ-சைஸ் என்ற குழந்தை சீட் பாதுகாப்பு விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். அந்த சீட் நிறைய இடம் பிடிக்கும். அதை மாட்டிய பிறகு முன்சீட் எவ்வளவு முன்னால் தள்ளப்படுகிறது என்று பாருங்கள். வீட்டிலேயே உயரமானவரை அந்த முன்சீட்டில் உட்கார வையுங்கள். முழங்கால் டாஷ்போர்டில் இடித்தால் அந்த வண்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். காற்றுப்பை இயங்கும் நிலையில் இருக்கும் முன்சீட்டில் பின்னோக்கிய குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. விரியும் பை நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்தான் அடிக்கும்.

இப்போது நடு இடம். ஐ-சைஸ் சீட் ஒன்று 44 செ.மீ. அகலம் வரை இருக்கலாம். இரண்டு சீட் என்றால் 88 செ.மீ. போய்விட்டது. மிச்சம் இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். அதோடு தரையில் நடுவே ஓடும் மேடு காலை இரண்டு பக்கமும் பிரித்து வைக்கச் சொல்லும். நான்கு சக்கர இழுவை உள்ள க்யூ3 போன்ற வண்டிகளில் இந்த மேடு நன்றாகவே உயரம். முன்சக்கர இழுவை வண்டி என்றால் மேடு இருக்காது என்று நினைக்காதீர்கள். அதே அடித்தளத்தில் இரண்டு வகையும் செய்வதால் அதிலும் இருக்கும். அம்மாவைக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்து, சீட் பெல்ட்டை அவரே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பெல்ட் கொக்கி குழந்தை சீட்டுக்கு அடியில் புதைந்துபோயிருப்பது அப்போதுதான் தெரியும்.

மூட்டு வலி உள்ளவர்கள் இருந்தால் ஏறி இறங்குவதையும் பாருங்கள். உட்காரும் இடம் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. ஜிஎல்ஏ பார்க்க எஸ்யூவி என்றாலும் உட்காரும்போது காரைப் போலத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு அது குறையாகத் தெரியாது, என் அம்மா வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

"மடியில் வைத்துக்கொள்ளலாமே, எதுக்கு சீட்டெல்லாம்?" என்று வீட்டில் யாராவது கேட்டால் சட்டத்தையே சொல்லுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி ரூ.1,000 அபராதம்.

3. டிக்கியை லிட்டரில் அளக்காதீர்கள்

2022இல் வந்த க்யூ3க்கு 530 லிட்டர், ஜிஎல்ஏவுக்கு 435 லிட்டர் என்றெல்லாம் தாளில் போட்டிருக்கும். அந்த க்யூ3யில் பின்சீட்டை 15 செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தலாம். சீட்டை முன்னால் தள்ளினால்தான் டிக்கி பெரிதாகும், அப்போது பின்னால் இருப்பவர் கால் இடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது.

இன்னொன்று ஸ்டெப்னி. சில வண்டிகளில் அது டிக்கியின் தரைக்கு மேலேயே படுத்துக்கிடக்கும், சிலவற்றில் ஸ்டெப்னியே இருக்காது. காற்று இறங்கினாலும் ஓடும் டயரோ, பஞ்சர் ஒட்டும் பசையோதான் கொடுப்பார்கள். அந்த வகை டயரில் காற்றில்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. போகலாம் என்பது கணக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி டயர் கிழிந்தால் பசை எதற்கும் ஆகாது. ஆகவே குழந்தைத் தள்ளுவண்டி, ஒரு பெரிய சூட்கேஸ் இரண்டையும் கொண்டுபோய், ஸ்டெப்னி இருக்கும் நிலையில் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள்.

4. வீட்டுப் பார்க்கிங்கில் கதவு திறக்குமா?

இந்த வண்டிகள் சுமாராக நாலரை மீட்டர் நீளம், 1.85 மீட்டர் அகலம். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டும். அடுக்ககத்தில் இரண்டு தூணுக்கு நடுவில் வண்டி நுழைந்துவிடும். நுழைந்த பிறகு பின்கதவை நன்றாகத் திறந்து, தூங்கும் குழந்தையை சீட்டிலிருந்து தூக்க முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. டேப்பை எடுத்து அளந்து வையுங்கள், டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

5. பெட்ரோல், டீசல், மின்சாரம்

பள்ளிக்கூடம், கடை, பாட்டு வகுப்பு என்று தினம் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் டீசல் வேண்டாம். இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரமாவது சூடாக, ஒரே வேகத்தில் ஓட வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நின்று போனால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாதம் இருமுறை மதுரை, கோவை போகிறவர்கள் தாராளமாக டீசல் எடுக்கலாம்.

மின்சார வண்டியில் கணக்கே வேறு. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பெட்ரோல், டீசல் சொகுசு வண்டிக்கு 40 சதவீதம். பிஎம்டபிள்யூ சென்னைக்குப் பக்கத்திலேயே செய்யும் மின்சார ஐஎக்ஸ்1 நீள வடிவத்தில் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.8 மீட்டர் இருப்பதால் பின்சீட்டில் கால் வைக்க இடம் ஏராளம். சாலை வரியில் தமிழ்நாடு மின்சார வண்டிகளுக்குக் கொடுக்கும் விலக்கு கெடு வைத்துக் கொடுக்கப்படுவது. பதிவு செய்யப்போகும் தேதியில் அது அமலில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள், ஏனென்றால் பேசுவது பத்து லட்சம் ரூபாயைப் பற்றி. அடுக்ககத்தில் இருப்பவர்கள் சார்ஜர் வைக்க சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். "வண்டி வரட்டும் சார், பார்த்துக்கலாம்" என்ற வாய்மொழியை நம்பினால் வண்டி வந்த பிறகு பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு நடக்கும்.

6. வாசலுக்கு வரும்போது என்ன விலை?

எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடங்கிவிடும். வரி விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் மாறியதால், அதற்கு முந்தைய வீடியோக்களில் சொல்லும் விலையைத் தூக்கிப் போடுங்கள்.

இதற்கு மேல்தான் உண்மையான அடி. தமிழ்நாட்டில் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஆக, பத்து லட்சம் அப்படியே சாலை வரி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), அதாவது ரூ.50,000. காப்பீடு, பதிவுக் கட்டணம், பாஸ்டேக் எல்லாம் சேர்ந்தால் 62 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும்.

டிசிஎஸ் தொகை செலவாகப் போய்விடுவதில்லை. யார் பெயரில் பில் போடுகிறார்களோ அவருடைய பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். சான்றிதழை டீலரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கணக்கே தாக்கல் செய்யாத அம்மா பெயரில் வண்டி வாங்கினால், அந்த ஐம்பதாயிரத்தைத் திரும்பப் பெறவாவது அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

விலைப்பட்டியலில் "ஹேண்ட்லிங் சார்ஜ்", "லாஜிஸ்டிக்ஸ்", "எசென்ஷியல் கிட்" என்று சில கட்டணங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் முதலில் "எல்லாருக்கும் இதுதான் சார்" என்றார்கள், பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னதும் அந்தக் கட்டணம் காணாமல் போனது.

பாண்டிச்சேரியில் பதிவு செய்தால் லட்சக்கணக்கில் மிச்சம் என்று ஒரு நண்பர் கண்டிப்பாகச் சொல்வார். அங்கே உண்மையிலேயே குடியிருந்தால் சரி. இல்லாத முகவரியைக் காட்டுவது மோசடி வழக்கில் போய் முடியும். அதோடு, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை இங்கே மாற்றித்தான் ஆக வேண்டும், வரியும் கட்டித்தான் ஆக வேண்டும்.

7. காப்பீடு: டீலரிடமே எடுக்க வேண்டியதில்லை

புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இந்தத் தொகை எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான், இன்ஜின் அளவுதான் தீர்மானிக்கும்: 2022இல் நிர்ணயித்தபடி 1,500 சிசிக்கு மேல் என்றால் ரூ.24,596, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.10,640. எக்ஸ்1 பெட்ரோலின் இன்ஜின் 1,499 சிசி என்பதால் கீழ் அடுக்கில் வந்துவிடும். பேரம் பேச இடமிருப்பது சொந்தச் சேதத்துக்கான பகுதியில். டீலர் கொடுக்கும் மதிப்பீட்டை வாங்கிக்கொண்டு, அதே காப்பீட்டு மதிப்பு, அதே கூடுதல் பாதுகாப்புகளோடு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். வித்தியாசம் பல ஆயிரங்களில் இருக்கும். அதைக் காட்டினால் டீலரே இறங்கி வருவார்.

தேய்மானம் கழிக்காத காப்பீடு (ஜீரோ டெப்) இல்லாமல் இந்த வண்டிகளை வெளியில் எடுக்கவே கூடாது. சென்னைக்காரர்கள் இன்ஜின் பாதுகாப்பையும் சேர்த்தே ஆக வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருந்தால் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து உள்பாகமே வளைந்துவிடும். சாதாரண காப்பீடு அதற்குப் பணம் தராது.

8. கடன்

"மாதத் தவணை குறைவு" என்று சொல்லும் திட்டங்களில் கடைசித் தவணையைப் பாருங்கள். பெரிய தொகையைக் கடைசியில் ஒரே மூச்சில் கட்ட வேண்டும், அல்லது வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றிருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது ஓடிய கிலோமீட்டர், கீறல், டயர் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். குழந்தைகள் இருக்கும் வண்டியில் கீறல் இல்லாமல் இருக்குமா? சாதாரணக் கடனே நல்லது. முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்பதை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

9. முன்பணம் முதல் நம்பர் பிளேட் வரை

எங்கள் ஊர் வழக்கப்படி ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனால் அந்த மாதம்தான் பேரத்துக்கு நல்ல நேரம். ஆடியில் விலையை முடித்து ஆவணியில் வண்டியை எடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் டெலிவரி கேட்டால் ஷோரூமில் திருவிழாக் கூட்டம், வண்டியை நிதானமாகப் பார்க்க விட மாட்டார்கள். டிசம்பரில் தள்ளுபடி இன்னும் அதிகம் கிடைக்கும், ஆனால் ஆர்சியில் தயாரிப்பு ஆண்டு பழையதாகவே இருக்கும். விற்கும்போது அந்தத் தள்ளுபடியை வாங்குபவர் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்.

முன்பணப் படிவத்தில் வகை, நிறம், தயாரிப்பு ஆண்டும் மாதமும், விலை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே அனுமதிப்பதில்லை.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியைப் பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பே கிடங்குக்குப் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் "வேறு வண்டி கொடுங்கள்" என்று கேட்க வழியில்லை. பகலில், நிழலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். பெயின்ட்டின் நிறம் எல்லாக் கதவிலும் ஒன்றாக இருக்கிறதா, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, சேஸிஸ் எண் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. வண்டியின் தயாரிப்பு மாதத்துக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள்.

பதிவுக்கு ஆதார், பான், முகவரிச் சான்று, புகைப்படம் இவற்றோடு பதிவு விண்ணப்பமான படிவம் 20இல் உங்கள் கையெழுத்து வேண்டும். டீலர் தரப்பிலிருந்து விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிக்கான படிவம் 22, பில், காப்பீடு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சேஸிஸ் எண்ணை நிரப்பிய பிறகு போடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முகவரி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஆர்சி கையில் கிடைக்காது, விரைவுத் தபாலில்தான் வரும். பழைய முகவரியைக் கொடுத்துவிட்டு வீடு மாறினால் அட்டை திரும்பிப் போய்விடும்.

வண்டியை எடுக்கும் நாளில் இரண்டு சாவி, ஸ்டெப்னி அல்லது பசைப்பெட்டி, வாரன்டிப் புத்தகம், சாலை வரி ரசீது எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு மாலையைப் போடச் சொல்லுங்கள்.

10. வாரன்டியும் பராமரிப்பும்

பிஎம்டபிள்யூ 2 ஆண்டு, மெர்சிடிஸ் 3 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பில்லாமல் வாரன்டி தருகிறார்கள். கூடுதல் வாரன்டியைப் பேரத்தின்போதே கேளுங்கள்; ரொக்கத் தள்ளுபடியைவிட அது லாபம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மின்னணு பாகம் ஒன்று போனாலே அந்தப் பணம் திரும்பிவிடும். 18 அங்குல டயர் ஒன்றுக்கே இருபதாயிரம் ரூபாய் வரை ஆகலாம். தென்மாவட்டத்துக்காரர்கள் பக்கத்து சர்வீஸ் நிலையம் எத்தனை தூரம், வண்டி நின்றுபோனால் தூக்கிப்போகும் செலவை யார் ஏற்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

11. பழைய வண்டி எடுப்பதாக இருந்தால்

மூன்று வருடம் ஓடிய வண்டியின் விலை நன்றாக இறங்கியிருக்கும், சாலை வரியும் முதல் சொந்தக்காரர் கட்டியது. சென்னைப் பதிவு என்றால் முதலில் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் கிளம்பிவிடலாம். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், கம்பளத்துக்குக் கீழே ஈர வாடை, இவற்றை எந்தப் பாலிஷும் மறைக்காது.

டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டிகளிடம் ஜாக்கிரதை. என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி இங்கே பதிவு மாற்றும்போது தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும், அதைச் சேர்த்தால் மலிவு காணாமல் போகும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்ஓசியும், ஆர்சியில் உள்ள கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் வேண்டும். இவை கைக்கு வராமல் முழுப்பணத்தைக் கொடுக்காதீர்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவர் சேர்த்து வைத்த 'கிளெய்ம் இல்லா' தள்ளுபடி அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். எவ்வளவு வரும் என்று காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டுவிட்டு வண்டி விலையைப் பேசுங்கள்.